முதல் இலை

கல்யாணத்தன்று இருந்தவர்கள்: மாப்பிள்ளை சன்னாசி, பெண் செண்பகம், அக்கா பொன்னம்மா, அக்கா வீட்டுக்காரர் ராமையா, சன்னாசியின் மகள் கோமதி, மருமகன் தேவேந்திரன், பூசாரி காளிமுத்து, துறைமுகத்தில் கூட வேலை பார்த்த வேலப்பன், ஹாலிம், படம் பிடித்த சோங், பக்கத்து வீட்டு மேரியம்மா. பதினொரு பேர். சன்னாசி தொடையின் மேல் ஆள்காட்டி விரலால் நான்கு கோடு இழுத்து, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு ஒரு கட்டு முடித்தார், இன்னொரு கட்டு, அப்புறம் தனியாக ஒரு கோடு. முப்பத்தொரு வருடம் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை இப்படித்தான் எண்ணினார், கை தானாகப் போடும். முதலிலிருந்து எண்ணினாலும் கடைசியிலிருந்து எண்ணினாலும் பதினொன்றுதான் வருகிறது, வராமல் எங்கே போகும். உள்ளே அந்தக் குடிநுழைவு அதிகாரி அம்மாவிடம் மட்டும் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொன்னதோடு விட்டாரா. கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்த அம்மா மலாயில் கேட்டாள், பன்னிரண்டு என்றார். பேர் சொல்ல முடியுமா என்றாள், ஏன் முடியாது, இலை போட்ட வரிசையிலேயே சொன்னார், வடக்குச் சுவரோரம் போட்ட முதல் இலையிலிருந்து. முதல் இலை அஞ்சலை. அந்த அம்மா அதை எழுதிக்கொண்டாள். அஞ்சலை அவருடைய முதல் சம்சாரம். இந்தக் கல்யாணத்துக்கு மூன்று வருடத்துக்கு முன்பே செத்துப்போனவள். அவளுடைய மரணச் சான்றிதழ் இரண்டு பிரதி அதே கோப்பில் இருக்கிறது, இவர்தான் கொடுத்தார், ஒன்று போதும் என்றபோதும் ஒன்று கூட இருக்கட்டும் என்று. செத்தவள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டாள் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் செண்பகத்தை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் போனது பத்து பதினேழுக்கு. இப்போது பத்து இருபத்தொன்பது.

நான்காவது மாடி, ஆறாம் எண் கதவு. வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை நாற்காலி, நாற்பத்தெட்டு, அதில் மூன்று உடைந்து மஞ்சள் நாடா சுற்றியிருக்கிறது. ஏசி நேராக அவர் பிடரியில் ஊதுகிறது; வேறு நாற்காலிக்குப் போகலாம், ஆனால் செண்பகம் வெளியே வந்தால் இந்த இடத்தைத்தான் பார்ப்பாள், போனபோது இங்கேதான் பார்த்துவிட்டுப் போனாள். புருஷனைத் தனியாகக் கேட்பார்கள், பெண்டாட்டியைத் தனியாகக் கேட்பார்கள், கேள்வி ஒன்றேதான், பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதக் கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள். வேலப்பன் முன்னமே சொல்லியிருந்தான். என்ன படுக்கை விரிப்பு, யார் முதலில் எழுந்திருப்பது, எந்தப் பக்கம் படுப்பது என்றெல்லாம் கேட்பார்களாம். சன்னாசி ஒரு வாரமாகப் படுக்கை விரிப்புகளை எண்ணி வைத்திருந்தார், ஐந்து, அதில் ஒன்று நீலம். அதையெல்லாம் கேட்கவேயில்லை. வீட்டில் மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அவருக்குக் காது சூடாகிவிட்டது. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒன்றும் கூப்பிடுவதில்லை என்றார். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தொண்டையைக் கனைப்பேன், வந்துவிடுவாள் என்றார். எழுதிக்கொண்டாளா இல்லையா, பார்க்கத் தைரியமில்லை, மேசையில் இருந்த ரப்பர் முத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏழு. அப்புறம் கல்யாணத்தன்று சாயங்காலம் இரண்டு பேரும் என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். மத்தியானச் சாப்பாடு முழுக்கச் சொல்ல முடியும், கூட்டு, பொரியல், அப்பளம், இரண்டு பாயசம். சாயங்காலம் என்ன. யோசித்தார். சாயங்காலம் என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். கப்பல் பேர், மூட்டைக் கணக்கு, அஞ்சலை செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை எண் எல்லாம் ஞாபகமிருக்கிற மனுஷன், புதுப் பெண்டாட்டியோடு முதல் நாள் சாயங்காலம் தின்றது ஞாபகமில்லை என்றால் யார் நம்புவார்கள். அவரே நம்பமாட்டார். கோப்பில் வைத்த படங்களும் அப்படித்தான். இருபத்துநான்கு படம், பின்னால் பென்சிலால் எண் போட்டுக் கொடுத்திருக்கிறார், எதிலும் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. மாலையும் கழுத்துமாக நிற்கிற முதல் படத்தில்கூட நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம். சோங் அன்றைக்கே கேமராவை இறக்கிவிட்டுக் கத்தினான், கிட்ட வா, கிட்ட வா, மூட்டையா எண்ணுற என்று. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா வீட்டுக்காரர் விடுவாரா, "பேருதான் சன்னாசி, பண்றது ரெண்டாங் கல்யாணம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது கோமதி மட்டும். அதுவரை அவள் கோயிலுக்குள்ளேயே வரவில்லை, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள், அப்பாவுக்காக வந்தேன், புதுப்பெண் முகத்தைப் பார்க்க வரவில்லை என்று தேவேந்திரனிடம் சொன்னது இவர் காதிலும் விழுந்தது. தாலி கட்டும்போது ஒரு முடிச்சு தவறி அவர் மறுபடி போட்டது அதனால்தான், வயதினால் இல்லை. ஐம்பத்தொன்பது ஒரு வயதா.

இப்போது அறுபத்தேழு. பத்து முப்பத்தாறு. அவரை விசாரித்து முடிக்க இருபத்திரண்டு நிமிடம்தான் ஆயிற்று, அவள் இன்னும் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டால் நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு வருடத்தில் ஏழு தடவை இந்தக் கட்டடத்துக்கு வந்தாகிவிட்டது, வருடா வருடம் அவள் இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க, ஒவ்வொரு தடவையும் இவரே நேரில் வந்து, என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள், நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ்க் கையெழுத்து, கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பார். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. போன வருடம் அதே வரிசையில் முன்னால் நின்ற பெண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் இப்படியே வந்து போட்டுக்கொண்டிருப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் பாஸ், நெற்றியில் ஒன்றுமில்லை. கவுண்டரில் இருந்தவன் மரியாதையாகத்தான் கேட்டான், உங்களுக்குப் பொறுப்பேற்றவர் எங்கே என்று. தவறிட்டார் என்றாள். அப்படியானால் இப்போது யார் பொறுப்பு என்றான். அவள் திரும்பி வரிசையில் நின்ற எல்லாரையும் பார்த்தாள், யாராவது கை தூக்குவார்கள் என்பதுபோல. அந்தப் பார்வை சன்னாசி மேலும் பட்டு நகர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பம் எழுத வேலப்பனைக் கூப்பிட்டார். நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி, அந்த அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டால் போதும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவளுடையது, யாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டாம். இத்தனைக்கும் அப்போது நெஞ்சில் வலி எதுவும் இல்லை. அது வந்தது போன தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு ரத்தக் குழாயைச் சரிசெய்துவிட்டோம், இன்னொன்றும் அடைத்திருக்கிறது, அதில் கை வைக்க முடியாது, அடுத்த தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னது இவருக்கு மட்டும் தெரியும். செண்பகத்திடம், மாத்திரை போட்டால் போதுமாம் என்றார். பொய் இல்லை, பாதி. கோமதி பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பாளா. அப்பாவுக்குச் சாப்பாடு ஆகிவிட்டதா என்று போனில் கேட்பாள், அவங்க என்பாள், சித்தி என்று இன்றுவரை வாயில் வந்ததில்லை. அவள் கையெழுத்தை நம்பி இவளை விட்டுப் போக முடியாது. முசிறியில் செண்பகத்தின் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே நாற்பத்தொரு வயதுவரை நடையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தவள், மெஷின் காலில் தலை இடிக்கும் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஐம்பதை நெருங்குகிற வயதில் திரும்ப அந்த நடைக்கா. அந்த மெஷினையும் அண்ணி விற்றிருப்பாள். இங்கே தெருவில் பதினான்கு வீட்டுக்கு இவள்தான் ரவிக்கை தைக்கிறாள், ஆள் அளவெல்லாம் ஒரு நோட்டில் வைத்திருக்கிறாள், மேரியம்மாவின் அளவு வருடா வருடம் கூடுவதைப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறாள், பார்த்தால் கப்பல் கணக்கு மாதிரியே இருக்கும். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டா போவாள். எல்லாம் பன்னிரண்டு என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. அவள் ஆட்களைத்தான் எண்ணுவாள், பெண்கள் ஆட்களைத்தான் எண்ணுவார்கள், பதினொன்று என்பாள், பேர் கேட்டால் பதினொரு பேர் சொல்லுவாள், அப்படியானால் இந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் அம்மா என்று அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். அவளுக்கு மலாய் சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். இன்றைக்குக் கொடுவா எவ்வளவு, தலை வேண்டாம், வாலைத் தா. செத்தவளுக்கு இலை போடுவது என்பதை மீன் வாங்குகிற மலாயில் எப்படிச் சொல்ல முடியும்.

எழுந்துவிட்டார். கதவைத் தட்டி, தவறாகச் சொல்லிவிட்டேன், பதினொன்றுதான் என்று சொன்னால் என்ன. ஆறு எட்டு வைத்தால் கதவு. நான்காவது எட்டில் காவலுக்கு நின்றவர் கை நீட்டினார், சட்டையில் தனராஜூ என்று பேர், ஐம்பது வயதிருக்கும். "அண்ணே, உள்ள ஆளு இருக்கு. உட்காருங்க." ஒன்றுமில்லை, ஒரு கணக்குத் திருத்தம் என்று சொல்ல நினைத்தார், தொண்டையைத்தான் கனைக்க முடிந்தது. "உங்க வீட்டம்மாவ ஒண்ணும் அவங்க வெச்சுக்க மாட்டாங்க, திருப்பிக் கொடுத்துருவாங்க" என்றார் தனராஜூ, இதே வேடிக்கையைத் தினமும் சொல்லுகிறவர்போல. சன்னாசி திரும்பி வந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலியில் ஒரு சீனக் கிழவி கைப்பையை வைத்துவிட்டாள். கேட்டு எடுக்கச் சொல்ல வாய் வராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நாற்காலி தள்ளி இருப்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாளா. கண்டுபிடிப்பாள், இரண்டடிதான். திருத்தினால் மட்டும் என்ன ஆகிவிடும். ஒரு தடவை அரிசிக் கப்பலில் ஒரு மூட்டை குறைந்தது. இரண்டாயிரத்து நானூறு வர வேண்டும், ஒன்று குறைவாக வந்தது. சீட்டில் ஒன்றைக் கூட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றான் கங்காணி. இவர் மாட்டேன் என்று மறுபடி எண்ணினார், மறுபடி எண்ணினார். கடைசியில் பார்த்தால் காவல்காரன் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறான், மூட்டை எங்கேயும் போகவில்லை, உட்காரப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எண்ணியதை மாற்றிச் சொன்னதில்லை. கணக்குச் சரியாக வராவிட்டால் தப்பு கணக்கில் இல்லை, பார்க்காமல் விட்ட இடத்தில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பன்னிரண்டும் தப்பில்லையே. அன்றைக்கு இலை வாங்கியது இவர்தான், விடிகாலை சந்தையில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துப் பதினைந்து தலைவாழை இலை, பதினொன்று தேவைக்கு, நான்கு கிழிசலுக்கு. பந்தி போடும்போது செண்பகம் இலைக்கட்டைக் கையில் வாங்கினாள். கழுத்தில் மாலை, மஞ்சள் காயாத கயிறு, அவளிடம் அதுவரை இவர் மொத்தம் நாற்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வடக்குச் சுவரோரம் ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். அங்கே யாரு என்றாள் அக்கா பொன்னம்மா. "அக்காவுக்கு" என்றாள். எந்த அக்காவுக்கு. "இவரோட வீட்டுக்காரம்மாவுக்கு. அவங்களுக்கு மொத எலை போடாம நான் எப்படி உட்காருறது." ஒரு சேலையை மடித்து வைத்து, மேலே தன் தலையிலிருந்த பூவைக் கிள்ளி வைத்தாள். பாயசத்திலிருந்து எல்லாம் வரிசையாகப் பரிமாறினாள் அந்த இலைக்கு, அப்பளம்கூட உடையாததாகப் பார்த்து எடுத்து. ஹாலிம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யார் அங்கே, இன்னும் வரலையா என்று மெதுவாகக் கேட்டான். வந்துட்டாங்க என்றான் வேலப்பன். அப்போதுதான் கோமதி காரின் கதவை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவின் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, தலை நிமிராமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதை எப்படிப் பதினொன்று என்று எண்ணுவது. சன்னாசி அன்றைக்கு இலையைத்தான் எண்ணினார், பன்னிரண்டு. ஆனால் அரசாங்கம் இலையை எண்ணாதே. பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தொன்று. இடது கையை மார்பின்மேல் வைத்துப் பார்த்தார், வலியா, குளிரா. பையில் மாத்திரை இருக்கிறது, நாக்கடியில் வைப்பது. எடுத்தால் தனராஜூ பார்ப்பார், இங்கே விழுந்து வைத்தால் அந்தத் தஞ்சாவூர்ப் பெண்ணிடம் கேட்ட கேள்வி இன்றைக்கே இவளுக்கு வந்துவிடும், இப்போது யார் பொறுப்பு. இன்றைக்கு வேண்டாம். நிரந்தரவாசக் கடிதம் வந்த பிறகு என்றால் சரி. நெஞ்சோடு பேரம் பேசுகிற மாதிரி மெதுவாக மூச்சு விட்டார், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, குறுக்கே ஒன்று.

பத்து ஐம்பத்தெட்டுக்குக் கதவு திறந்தது. நாற்பத்தொரு நிமிடம். செண்பகம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பழைய நாற்காலியைப் பார்த்தாள், சீனக் கிழவியின் பையைப் பார்த்தாள், ஒரு கணம் முகம் வெளிறியது. அவர் கனைத்தார். திரும்பினாள். "ஏங்க எடம் மாத்துனீங்க" என்றாள். வா என்று தலையை ஆட்டிவிட்டு மின்தூக்கிப் பக்கம் நடந்தார், அவள் இரண்டடி பின்னால் வந்தாள். கூட்டம் ஏறி இறங்குகிறது, படியில் போகலாம் என்றாள், இறங்குகிற படிதானே. முதல் திருப்பம்வரை இறங்கினார்கள். அவர் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, "எத்தன பேருன்னு சொன்ன" என்றார். "எதுல?" "கல்யாணத்துல." "பன்னெண்டு" என்றாள். அவர் கை கைப்பிடியிலேயே இருந்தது. "பேரு கேட்டாங்களா?" "கேட்டாங்க. மொத எலை அக்காவுதுன்னு சொன்னேன். இறந்தவங்கதானே, எப்படி வந்தாங்கன்னு கேட்டாங்க. எனக்கு அவ்வளவு மலாய் எங்க வருது. படத்தக் கொண்டாங்கன்னேன். நீங்க நம்பர் போட்டீங்கல்ல, நாலாவது படம், பந்திப் படம். அதுல ஓரத்துல அந்த எலை, பின்னால சேலை, பூவு, ஆளு இல்ல. விரல வெச்சுக் காட்டி, இது அவங்க, சாப்பிட்டாங்கன்னு சொன்னேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. படத்துல இருக்குற எலைய எல்லாம் பேனாவால ஒண்ணு ஒண்ணா தொட்டு எண்ணுனாங்க." "எண்ணினாங்களா?" "ஆமா. உங்கள மாதிரியே. பன்னெண்டுன்னுட்டு ஒரு டிக் போட்டாங்க." அவர் படியிலேயே உட்கார்ந்தார். அவள் கைக்குட்டையை எடுத்து ஒரு படி மேலே தூசி தட்டி உட்கார்ந்தாள். எப்படிக் கூப்பிடுவாருன்னு கேட்டாங்க என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கனைச்சுக் காட்டுனேன். அந்த அம்மா சிரிச்சுட்டாங்க." கடிதம் எப்போது வரும் என்று கேட்டாயா என்றார். வரும்போது வருமாம், ஆறு மாசமும் ஆகுமாம், ஒரு வருஷமும் ஆகுமாம். அதுவரை பழைய மாதிரியே பாஸ், பழைய மாதிரியே கையெழுத்து. "அதுக்கென்ன, நீங்கதான் இருக்கீங்களே" என்றாள். மாத்திரைப் பையின்மேல் அவர் கை போய்த் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார், இரண்டு பேரும் படியின் கீழ்த் திருப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு ஏறி வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லவில்லை என்றார் அவர் கடைசியில், சாயங்காலம் என்ன சாப்பிட்டோம் என்று. மத்தியானக் கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, பதினைந்து இலை வாங்கினேன், பன்னிரண்டு போட்டோம், மூன்று மிச்சம், அத்தோடு நின்றுவிட்டது. செண்பகம் சிரிக்கவில்லை. "மூணு எங்க மிச்சம்" என்றாள். "வீட்டுக்கு வந்து, எல்லாரும் போன பெறகு எனக்குப் பசிச்சுது. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீங்க கனைச்சீங்க. அதுதான் மொதத் தடவ. வந்து பாத்தா அடுப்படியில ரெண்டு எலைய விரிச்சு, மேரியம்மா கொடுத்துவிட்ட இடியாப்பத்த வெச்சிருந்தீங்க, உங்களுக்கு மூணு, எனக்கு நாலு. எதுத்தாப்புல உக்காந்து நிமிந்துகூடப் பாக்காம சாப்பிட்டீங்க. அப்படியா மறந்துபோச்சு?" சன்னாசி அவளைப் பார்த்தார். இடியாப்பம் நினைவுக்கு வரவில்லை. இலையின் ஈரம் மட்டும் கைக்கு நினைவு வந்தது. தொடையின் மேல் விரல் வைத்தார். பதினைந்தில் பன்னிரண்டு போக மூன்று. சாயங்காலம் அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார், மாறவில்லை. மிச்சம் ஒன்று, இன்னும் யாருக்கும் போடாத இலை.